இசக்கிசெல்வியின் வளையல் சத்தம்

இசக்கிசெல்வியின் சட்டைப் பைக்கு மேல் 'ஹவுஸ்கீப்பிங்' என்று தைத்திருந்தார்கள். வேலை என்னவோ கூட்டுவது, துடைப்பது, கக்கூஸ் கழுவுவது. இங்கிலீஷில் எழுதிவிட்டால் வாரியலின் கனம் குறைந்துவிடும் என்று காண்ட்ராக்ட்காரன் நினைத்திருப்பான் போலிருக்கிறது. எங்கள் பக்கம் துடைப்பத்தை வாரியல் என்றுதான் சொல்வோம். இந்தக் கதையில் அந்த வாரியலுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நான் சுமி. பாறசாலைக்காரி. திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில், ஊசி செய்வதற்கான மெல்லிய ஸ்டீல் குழாய் தயாரிக்கிற கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. இருந்தாலும் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு அது யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. எனக்கு முன்கோபம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாருக்காவது கோபம் வரவில்லை என்றால், அவர்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இசக்கிசெல்விக்கு ஊர் திசையன்விளைப் பக்கம். அம்மா பீடி சுற்றியவள். கல்யாணமானதும் கணவன் தங்கபாண்டியோடு இங்கே வந்தாள். அவன் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். செல்வி வாய் ஓயாமல் பேசுவாள். யாரைப் பார்த்தாலும் அவர்கள் நடையை அப்படியே நடந்து காட்டுவாள். மேனேஜர் திரவியம் சார் வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிற நடையை அவள் காட்டினால், அடுப்புப் பிரிவில் வேலை செய்கிற ஆண்களெல்லாம் இயந்திரத்தை விட்டுவிட்டு நின்று சிரிப்பார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு துக்கம் இருந்தது. இரண்டு தடவை கர்ப்பம் தரித்து, இரண்டும் ஐந்தாம் மாதத்துக்குள் கலைந்துபோயிருந்தன. மூன்றாவது தடவை ஏழாம் மாதம் வரை வந்துவிட்டது. "இந்தத் தடவ நிக்கும் சுமியக்கா. வயித்துக்குள்ள கெடந்து பந்து வெளையாடுது பாத்துக்கிடுங்க" என்பாள். வேலையை விடு என்று நான் சொன்னேன். ஊரில் உட்கார்ந்து அழுவதைவிட இங்கே நாலு பேரோடு இருப்பது நல்லது என்றாள்.

இனி அந்த கேஸ் முறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முறி என்றால் அறை. குழாய்களை உலையில் பழுக்கக் காய்ச்சும்போது அவை கறுத்துவிடாமல் பளபளவென்று வர, உலைக்குள் ஹைட்ரஜன் வாயுவை விடுவார்கள். அந்த வாயு சிவப்பு சிலிண்டர்களில் வரும். கம்பெனியின் பின்பக்கம் தனியாக ஒரு கூடத்தில் அவற்றை வரிசையாக நிறுத்திக் குழாயில் இணைத்திருப்பார்கள். செல்வி அவற்றுக்கு மாப்பிள்ளைமார் என்று பெயர் வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்களாம். தினமும் காலையும் மத்தியானமும் அந்தக் கூடத்தைக் கூட்டி ஒட்டடை அடிப்பது அவள் வேலை.

ஹைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் அந்தத் தீயும் கண்ணுக்குத் தெரியாது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் ஜெயன். களியக்காவிளைக்காரன், கேஸ் லைன் டெக்னீஷியன். அவன் தினமும் காலையில் ஒரு பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஜாயிண்டிலும் தடவிப் பார்ப்பான். நுரை ஊதினால் கசிவு. வாஷரை மாற்றுவான். பழைய முறைதான், ஆனால் அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் மேலிடத்திலிருந்து பாதுகாப்புச் சோதனை வருகிறது என்றார்கள். உடனே கம்பெனி ஒரு காது வாங்கியது.

காது என்று நாங்கள்தான் சொல்வோம். உள்ளங்கையளவு உலோகக் கருவி, கேஸ் முறிச் சுவரில் உயரமாக மாட்டியது. அதை மாட்ட வந்த ஆள் எங்களையெல்லாம் கூட்டி வைத்து விளக்கினார். அழுத்தத்தில் இருக்கிற வாயு சின்ன ஓட்டை வழியாக வெளியே வரும்போது ஒரு சத்தம் போடும். அது மனிதர் காதுக்கு எட்டாத அளவுக்குக் கீச்சென்று இருக்கும். வாசனை பிடிக்கிற கருவி என்றால் வாயு அதன் பக்கத்தில் வந்து சேர வேண்டும், ஹைட்ரஜனோ லேசானது, காற்றில் எங்காவது போய்விடும். இதற்கு அந்தக் கவலை இல்லை, சத்தம் வந்தால் போதும் என்றார். ஒரு வால்வை மயிரிழை திறந்து காட்டினார். கூடத்து வாசலில் நின்ற எங்களுக்கு வாயுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜர் அறையில் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, மணி கணகணவென்று அடித்தது. வால்வை மூடியதும் மணி தானாக நின்றது. செல்வி கைதட்டினாள். எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. அந்தக் கருவியின் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

அந்த ஆள் இன்னொன்றும் சொன்னார். சாவிக்கொத்து குலுங்கினாலும், காற்றுக்குழாய் சீறினாலும், கண்ணாடி வளையல் உரசினாலும் இதே மாதிரிக் கீச்சுச் சத்தம் வரும், காது ஏமாந்துபோகும். அதனால் சத்தம் கொஞ்ச நேரம் விடாமல் கேட்டால் மட்டும் மணி அடிக்கும்படி வைத்துவிடலாம் என்றார்.

திரவியம் சார் வேண்டாம் என்றார். "இன்ஸ்பெக்ஷனுக்கு ஆளு வரும்பம் டக்குனு அடிக்கணும். அவரு நின்னுட்டு வாட்சப் பாத்துட்டு இருப்பாரா? கேட்ட ஒடன அடிக்கது மாதிரி வையுங்க."

வைத்துவிட்டுப் போனார். சோதனையும் நடந்தது. மணி டக்கென்று அடித்தது, வந்த அதிகாரி தலையாட்டினார், எல்லோருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தார்கள். மறுநாள் ஜெயன் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தபோது திரவியம் சார் அவனைப் பிடித்தார். "மெஷின் கேக்குதுல்லா, பின்ன நீ எதுக்குடே சோப்பு தேய்க்க? அடுப்புப் பக்கம் போய் வேலயப் பாரு." ஜெயன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சார் காதில் வாங்கவில்லை. சுவரில் ஒரு காதை மாட்டியதும் தன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டார்.

திரவியம் சார் நாகர்கோவில்காரர். நம் ஊர்ப் பக்கத்து ஆள் மேனேஜராக இருக்கிறார் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சந்தோஷப்பட்டதுண்டு. வெளியூர்க்காரன் நம்மை மதிக்காவிட்டால் ஒரு மாதிரி, நம் ஊர்க்காரன் மதிக்காவிட்டால் வயிறு எரியும். அந்த எரிச்சலை அவர் எனக்கு நிறையவே கொடுத்தார்.

அந்த மாதமே செல்விக்கு வளைகாப்பு. அவள் அம்மா திசையன்விளையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஒற்றை அறையில் பாயை விரித்து, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம் என்று கிண்டி வைத்திருந்தார்கள். சாலைக் கடையிலிருந்து மைதீன் பாய் வளையல் பெட்டியைச் சுமந்துகொண்டு அவரே வந்தார். சிவப்பும் பச்சையுமாக இரண்டு கையிலும் முழங்கை வரை ஏற்றினோம். நானும் கைக்கு இரண்டு என்று போட்டுவிட்டேன். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்குமாம். அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று அது பயமில்லாமல் இருக்குமாம். பிரசவம் ஆகும்வரை அவற்றைக் கழற்றக் கூடாது. தானாக உடைந்தால் உடையலாம், கழற்றினால் பிள்ளைக்கு ஆகாது. இரண்டைப் பறிகொடுத்தவளிடம் இது உண்மையா, மூடநம்பிக்கையா என்று விவாதம் பண்ண எனக்கு மனசில்லை. செல்வி கையைக் குலுக்கி வயிற்றுப் பக்கம் காட்டி, "கேக்குதாடா?" என்று கேட்டாள். அறையிலிருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். பரோட்டா மாவு ஒட்டிய கையோடு வாசலில் நின்ற தங்கபாண்டியும் அழுதான்.

மறுநாள் வேலைக்கு வந்தாள். கேஸ் முறியில் வாரியலை நாலு வீசு வீசியிருப்பாள், மணி அடித்தது. உலையை அணைத்து, ஆட்கள் எல்லாம் கேட்டுக்கு ஓடி, பாதி வெந்த குழாய் அத்தனையும் கறுத்துப் பாழாயின. ஜெயன் சோப்புத் தண்ணீரோடு போய் எல்லா ஜாயிண்டையும் தடவினான். ஒரு நுரை இல்லை. செல்வி கையைத் தூக்கினாள், மணி அடித்தது. கையைக் கீழே விட்டாள், நின்றது.

திரவியம் சார் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தினார். "நீ என்ன கூத்தாடவா வந்த? கழத்து அந்த சனியன!"

"வளைகாப்பு வளையலு சார். புள்ள பொறக்காமக் கழத்தப்படாது."

"அப்பம் புள்ள பெத்துட்டு வா வேலைக்கி. மனசிலாச்சா?"

வளைகாப்பு வளையலைச் சனியன் என்றார் அந்த மனுஷன். அவர் மனைவிக்கும் வளையல் அடுக்கியிருப்பார்கள், அவர் அம்மாவுக்கும் அடுக்கியிருப்பார்கள். நான் ஸ்டோர் வாசலில் நின்று, "சார், மிஷினத்தான் மாத்தி வைக்கலாம்னு அந்த ஆளு சொன்னாரே, கொஞ்ச நேரம் கேட்டா அடிக்கது மாதிரி?" என்றேன். "ஒனக்க ஸ்டோர நீ பாரு பிள்ளே" என்றார். அந்த ஆளை மறுபடி கூப்பிட்டால் தான் செய்தது தப்பு என்று ஆகிவிடும். ஒரு போன் போட அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அன்று வீட்டில் தங்கபாண்டியும், "அந்தாளுதான் சொல்லுதாருல்லா, கழத்திட்டுத்தான் போயேன்" என்றானாம். "நீங்க சொமக்கேளா?" என்று கேட்டாளாம் செல்வி.

அதற்கு வழி கண்டுபிடித்தது செல்விதான். ஒரு பழைய சேலையை நீளமாகக் கிழித்து வந்தாள். கேஸ் முறிக்குப் போகும் முன் ஸ்டோருக்கு வந்து கையை நீட்டுவாள். நான் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல்கள் மேல் துணியை இறுக்கிச் சுற்றி முடிந்துவிடுவேன். ஒரு வளையல்கூட உரசாது. சோதித்துப் பார்த்தோம், அவள் கையை எப்படி ஆட்டினாலும் மணி அடிக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவிழ்த்துவிட்டு, "இப்பம் கேக்கும்டா ஒனக்கு" என்று வயிற்றைத் தட்டுவாள்.

ஆனால் மணி அடிப்பது நிற்கவில்லை. காவலாளி சாவியைக் குலுக்கிக்கொண்டு போனால் அடித்தது. பக்கத்துக் கூடத்தில் காற்றுக்குழாயைத் திறந்தால் அடித்தது. ஒவ்வொரு தடவையும் ஆண்கள் சிரித்துக்கொண்டே, "செல்வி வந்தாச்சு!" என்பார்கள். அவள் ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அன்றுகூட மணி அடித்தது, அன்றும் "செல்வி" என்றுதான் சொன்னார்கள். "அவ இன்னைக்கு லீவுய்யா!" என்று நான் கத்தினேன். அதற்கும் ஒரு சிரிப்பு. திரவியம் சாருக்கு மணி எரிச்சலாகப் போய், பெட்டியில் இருந்த சுவிட்சைத் தட்டிச் சத்தத்தை அடக்கப் பழகிக்கொண்டார். அதைத் தட்டினால் மணி மட்டும் நிற்கும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று அதன் மேல் ஒரு நகைக்கடைக் காலண்டரைத் தொங்கவிட்டார்.

உள்ளே ஒருத்தி இருக்கும்போது மணி அடித்தால் யாராவது எழுந்து வர வேண்டும். அந்தக் காதை வாங்கியதே அதற்குத்தான். இங்கே அவள் உள்ளே இருப்பதையே எழுந்து வராததற்குக் காரணமாக ஆக்கிவிட்டார்கள்.

அந்த நாள் காலையும் நான்தான் துணியைச் சுற்றிவிட்டேன். எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. "இறுக்கிக் கெட்டுங்க அக்கா, இன்னைக்கு ஒட்டட அடிக்கணும்" என்றாள். நீளக் கம்பில் வாரியலைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அடுப்புப் பக்கத்திலிருந்து, "செல்வி வந்தாச்சு!" என்று குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

மணி விடாமல் அடித்தது. வளையலோ சாவியோ என்றால் விட்டு விட்டுத்தான் அடிக்கும். இது நிற்கவே இல்லை. நான் மேனேஜர் அறைக்கு ஓடினேன். "சார், அவ வளையலுக்கு மேல துணி சுத்தியிருக்கா. நான்தான் சுத்திவிட்டேன். இது வளையலு இல்ல சார், நிக்காம அடிக்குது!"

திரவியம் சார் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே இடது கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினார். மணி நின்றது. காலண்டருக்குப் பின்னால் சிவப்பாக ஒளி தெரிந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சுத்துனது அவுந்திருக்கும், போ" என்றார்.

நான் "ஜெயா! ஜெயா!" என்று கத்திக்கொண்டே பின்பக்கம் ஓடினேன். நான் முற்றத்தைத் தாண்டுவதற்குள் செல்வி கேஸ் முறியிலிருந்து வெளியே ஓடி வந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கியிருந்தாள். வலது கையில் சுற்றியிருந்த துணி பற்றி எரிந்துகொண்டிருந்தது. நான் என் சேலை முந்தானையால் பொத்தி அணைத்தேன். அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். "தீயே இல்லக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "தீயே இல்ல. ஒட்டடைக்கு வாரியல நீட்டுனேன், அது தானா பத்திக்கிட்டு."

ஜெயன் ஓடி வந்தான். "ஆரும் அங்க போகண்டாம்! தீ இருக்கு, கண்ணுக்குத் தெரியாது!" என்று கத்தினான். அப்புறம் அவன் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முற்றத்தில் கிடந்த இன்னொரு வாரியலை எடுத்து முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, இருட்டில் தடவுகிறவனைப் போல அந்த வெயில் வெளிச்சத்தில் மெல்ல மெல்ல உள்ளே போனான். ஒரு இடத்தில் வாரியல் நுனி பொசுபொசுவென்று எரிந்தது. அங்கே ஒன்றுமே தெரியவில்லை. அந்த இடத்தை விட்டு விலகி, மறுபக்கமாகப் போய், கசிந்துகொண்டிருந்த சிலிண்டரின் வால்வை இறுக்கி மூடினான். ஒரு வாஷர் தேய்ந்து ஜாயிண்ட் கசிந்திருக்கிறது. தினமும் சோப்புத் தண்ணீர் தடவியிருந்தால் என்றைக்கோ நுரை காட்டிக்கொடுத்திருக்கும். காதும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கேட்க வேண்டியதைக் கேட்டது, சொல்ல வேண்டியவரிடம் சொன்னது.

ஆஸ்பத்திரியில் அவள் வலது கை வீங்கிக்கொண்டே போனது. வளையல்களை உடைத்தே ஆக வேண்டும் என்றார் நர்ஸ். செல்வி அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதாள். "ஒடைக்காதிய, ஒடைக்காதிய, எம்புள்ள பயந்துரும்" என்று ஆஸ்பத்திரியே கேட்கும்படி கத்தினாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார்கள். டாக்டரம்மா வந்து ஒரு கருவியை வயிற்றில் வைத்தார். அதிலிருந்து பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. வேகமாக, குதிரை ஓடுகிற மாதிரி. "கேக்குண்டல்லே?" என்றார் டாக்டரம்மா, கேட்கிறதல்லவா என்று. செல்வி இடது கையைக் குலுக்கினாள். அந்தக் கை வளையல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

கம்பெனியிலிருந்து ஒரு ஆளும் எட்டிப் பார்க்கவில்லை. திரவியம் சார் டிரைவரிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தனுப்பினார். தங்கபாண்டி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த வாரமே கம்பெனி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். துப்புரவுப் பணியாளர்கள் வளையல், கொலுசு அணியக் கூடாது என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும். மேலிடத்துக்குப் போன விளக்கத்தில், பணிப்பெண் ஆபரணம் அணிந்து கருவியைக் குழப்பியதால் விபத்து என்று எழுதினார்கள். காண்ட்ராக்ட்காரன் அவளை இனி வர வேண்டாம் என்றான். வாஷரை மாற்றாமல் விட்டது அவர்கள், சோப்பை நிறுத்தியது அவர்கள், மணியை அடக்கியது அவர்கள். குற்றவாளி வளையல்!

செல்விக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். சில மாதம் கழித்து விசாரணை என்று கூப்பிட்டார்கள். ஒரு அதிகாரி வந்திருந்தார், எர்ணாகுளத்திலிருந்து முதலாளியும் வந்திருந்தார். திரவியம் சாரின் அறையில்தான் உட்கார்ந்தார்கள். பெட்டியும் சுவிட்சும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் அப்படியே இருந்தன. காலண்டரை மட்டும் எடுத்திருந்தார்கள். என்னையும் ஜெயனையும் சுவரோரம் நிற்க வைத்தார்கள். ஜெயன் சோப்புத் தண்ணீர் விஷயத்தைச் சொன்னான். நான் சொன்னதையும் அந்த அதிகாரி எழுதிக்கொண்டார். பேசிப் பேசி மத்தியானம் ஆகிவிட்டது.

செல்வி கடைசியில் வந்தாள். இடுப்பில் பிள்ளை. வலது கையில் தழும்பு முழங்கை வரை சுருங்கிக் கிடந்தது. இரண்டு கையிலும் ஒரு வளையல்கூட இல்லை. பிள்ளை பிறந்ததும் இடது கையிலிருந்ததைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாளாம்.

திரவியம் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பிள்ளைக்க வளையலு சத்தத்துல டெய்லி மணி அடிக்கும் சார். அதுனால அன்னைக்கும் அதுதான்னு நெனச்சோம். நம்ம பேருல குத்தம் இல்ல."

அதிகாரி செல்வியைப் பார்த்து மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "அன்னு வளையலா, கேஸான்னு நிங்களுக்கு உள்ள தெரிஞ்சுதா?"

"எனக்கு என்ன சார் தெரியும்? அந்த மணி அடிக்கதே உள்ள நிக்குத எனக்குக் கேக்காது. இவுகளுக்குத்தான் கேக்கும்." அவள் திரவியம் சார் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "வளையலா கேஸான்னு நான் கேக்கல சார். வளையலாவே இருக்கட்டும். உள்ள ஒரு வயித்துப்புள்ளக்காரி நிக்கா, மணி நிக்காம அடிக்கு. ஒரு ஆளு எந்திச்சு வந்து எட்டிப் பாத்தா என்ன? நீங்க ஏன் வரலன்னுதான் நான் கேக்கேன்."

முதலாளி மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரவியம் சார் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

அப்போது மணி அடித்தது.

அது மத்தியானம் கூட்டுகிற நேரம். செல்வியின் இடத்துக்கு மங்கலம் என்று ஒரு அம்மாவைப் போட்டிருந்தார்கள். போனக்காட்டில் தேயிலை எஸ்டேட் நின்றுபோய், மலையிறங்கி வேலை தேடி வந்தவள். மணி கணகணவென்று அடித்தது. அறையில் எல்லோருடைய கண்ணும் செல்வியின் கைகளுக்குத்தான் போயிற்று. இரண்டும் வெறுங்கை. அந்த நேரத்திலும், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரவியம் சாரின் இடது கை தானாக நீண்டு சுவிட்சின் மேல் போய் உட்கார்ந்தது. அவருக்கே தெரியாமல் போன கை அது.

செல்வி ஒரே எட்டில் மேசையைச் சுற்றிப் போனாள். "இதப் புடிங்க" என்று பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். பிள்ளை விழுந்துவிடாமல் பிடிக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. சுவிட்சிலிருந்து கை வந்துவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. செல்வி அறையை விட்டு ஓடினாள்.

நானும் ஜெயனும் அவள் பின்னால் ஓடினோம். வேறு யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முற்றத்தில் கிடந்த வாரியலைக் குனிந்து எடுத்து முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு செல்வி கேஸ் முறிக்குள் போனாள். தழும்பு விழுந்த அதே கையால்தான் நீட்டினாள்.

உள்ளே மங்கலம் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கக்கூஸ் சாவிகள் ஒரு கொத்தாகத் தொங்கி, ஒவ்வொரு வீச்சுக்கும் குலுங்கின. செல்வி வாரியலைக் கீழே போட்டுவிட்டு, அந்தச் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். வாசலில் நின்ற எனக்குத் தூரத்தில் மணி நின்றது கேட்டது. மேனேஜர் அறையிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மங்கலம் நிமிர்ந்து எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "என்னம்மா, எதுக்கு இப்படி மூச்சு வாங்க ஓடியாறீங்க?"

"மணி அடிச்சுதுக்கா" என்றாள் செல்வி. "அதான் வந்தோம்."